தூங்குபவர் அருகே விழித்திருப்பவர்

அந்தமான் தீவுகளில் மயக்க மருந்துப் பாடம் படிக்கும் நர்சுகள்

"ரயிலே ஓடாத ஊருக்கு ரயில்வே குமாஸ்தா எதற்கையா போகிறீர்?" என்று புக்கிங் ஆபீஸ் நண்பர்கள் கேலி செய்தார்கள். நியாயமான கேள்விதான். அந்தமான் தீவுகளில் ரயில் கிடையாது. ஆனாலும் அங்கே ரயில் டிக்கெட் முன்பதிவு செய்ய ஒரு கவுண்டர் மட்டும் உண்டு! தாய்நாட்டுக் கரையில் இறங்கிய பிறகு ஊர் போய்ச் சேர வேண்டுமே, அதற்காக.

நான் போனது கவுண்டரைப் பார்க்க அல்ல. என் தங்கையைப் பார்க்க. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று நாள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், ஹாடோ துறையில் இறங்கியபோது அவள் கைக்குழந்தையோடு நின்றாள். தமிழ்நாட்டில் நர்சு படிப்பு முடித்து, தீவிலே வேரூன்றிய ஒரு ராமநாதபுரத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தெற்கே ஒரு சிறு தீவின் ஆஸ்பத்திரியில் வேலை. இப்போது லீவில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அந்த வீட்டில்தான் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே வரி: "சிலிண்டரைத் திறந்து பார். பிறகு நம்பு."

"இது என்ன, சமையல் குறிப்பா?" என்றேன்.

"இல்லண்ணே. மயக்க மருந்துப் பாடம்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் சில மாதங்கள் அவளைப் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். அப்போது மயக்க மருந்து டாக்டர் சொன்னதையெல்லாம் அன்றன்று இரவு எழுதி வைத்திருக்கிறாள். பத்தாவது வரை படித்த எனக்குப் புரியுமா என்ற தயக்கத்தோடு புரட்டினேன். புரிந்தது. படித்து முடித்தபோது, நம் வாசகர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கத்திக்கு முன்னால் ஒரு மருந்து

ஆபரேஷன் என்றால் நமக்கு நினைவு வருவது கத்தி பிடிக்கும் டாக்டர்தான். அவர் பெயரைத்தான் ஊர் சொல்லும். தலைமாட்டில் நின்று மயக்கம் கொடுத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த மருந்து வருவதற்கு முன் ஆபரேஷன் என்றாலே நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற அலற அறுப்பதுதான்.

1846 அக்டோபர் 16-ம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர், ஈதர் என்ற ஆவியை முகரச் செய்து ஒரு நோயாளியைத் தூங்க வைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு, 1847 மார்ச்சிலேயே கல்கத்தாவில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கடல் தாண்டும் தந்தியும் விமானமும் இல்லாத காலத்தில் ஒரு வைத்திய முறை ஐந்தே மாதத்தில் பாதி உலகைக் கடந்து வந்தது என்றால், மனிதர் வலிக்கு எவ்வளவு பயந்திருந்தார்கள் என்று பாருங்கள்.

இதில் பெண்களுக்குப் பங்கு உண்டா என்றால், நிறைய உண்டு. நம் பக்கத்து ஹைதராபாத்தில் ரூபா பாய் பர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி 1889-லிருந்து நிஜாம் அரசின் ஆஸ்பத்திரிகளில் குளோரோபாரம் கொடுத்து வந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர் என்று அவரைச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலோ டாக்டர்கள் இந்த வேலையைப் பெரிதாக மதிக்காத காலத்தில் நர்சுகளே கையில் எடுத்துக்கொண்டார்கள். மேயோ ஆஸ்பத்திரியில் ஆலிஸ் மகா என்ற நர்சு, பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களில் மயக்க மருந்தால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906-ல் கணக்கு எழுதி வெளியிட்டார். இன்றும் அந்த நாட்டில் அதற்கெனத் தனிப் பட்டம் பெற்ற நர்சுகள் மயக்க மருந்து கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே மயக்க மருந்து கொடுப்பது டாக்டரின் பொறுப்பு. நர்சு துணை நிற்பவர். "அப்படியானால் நீ எதற்கு இவ்வளவும் படிக்கிறாய்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"மயக்கம் குடுக்கிறது ஒருத்தர் வேலை. பக்கத்துல முழிச்சிக்கிட்டு இருக்கிறது இன்னொருத்தர் வேலை. என் வேலை ரெண்டாவது. நம்ம அப்பா வேலை மாதிரிதான்" என்றாள்.

எங்கள் அப்பா ரயில் எஞ்சினில் அசிஸ்டெண்ட் டிரைவராக இருந்தவர். வண்டியை ஓட்டுவது டிரைவர்தான். ஆனால் தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் அசிஸ்டெண்ட் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு ஜோடிக் கண்கள், இரண்டு குரல்கள். ஒருவர் கண் அசந்தாலும் மற்றவர் குரல் காப்பாற்றும். அதே முறைதான் ஆபரேஷன் தியேட்டரிலும் என்று அன்றுதான் அறிந்தேன்.

முதல் பாடம்: சிலிண்டர்

நோட்டின் முதல் வரிக்கு ஒரு கதை உண்டு. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். தங்கை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மூச்சுத் திணறிய ஒரு முதியவருக்கு முகமூடி வைத்துச் சிலிண்டரைத் திருகினார்கள். காற்று வரவில்லை. "புல்" என்று எழுதிய அட்டை சிலிண்டர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த அறையிலிருந்து வேறு சிலிண்டர் உருட்டி வந்தார்கள்; முதியவர் பிழைத்தார். அந்த இரண்டு நிமிடத்தைத் தன்னால் மறக்க முடியவில்லை என்கிறாள்.

அதனால்தான் மயக்க மருந்துப் பாடம் மருந்தில் தொடங்குவதில்லை, சாமான்களில் தொடங்குகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு நீலம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த முடியாதபடி ஊசித் துளைகள் இடம் மாற்றி வைக்கப்பட்டுள்ளன. ஆனால் காலிச் சிலிண்டரைக் கண்டுபிடிக்க எந்தத் துளையும் உதவாது. நர்சின் கைதான் திறந்து பார்க்க வேண்டும்.

கணக்கும் தெரிய வேண்டும். ஆம்புலன்சில் வைக்கும் பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம்தான். சென்னையிலும் மும்பையிலும் இந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியம் நர்சுக்கு அதிகம் வராது. சுவரிலேயே குழாய் இருக்கிறது. தீவில் படகும் ஹெலிகாப்டரும் இடையில் இருக்கின்றன. அங்கே இந்த வகுத்தல் கணக்குத் தப்பினால் உயிர் தப்பாது.

அடுத்து, எச்சிலையும் வாந்தியையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் யந்திரம். தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் லாரிங்கோஸ்கோப். அதன் விளக்கு எரிகிறதா? குழாய்கள் மூன்று அளவில் இருக்கின்றனவா? ஊசிகளில் நிரப்பிய மருந்து ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதா? நிறமில்லாத மருந்துகள் எல்லாம் ஊசிக்குள் தண்ணீர் மாதிரிதான் தெரியும். ஒன்று ரத்த அழுத்தத்தை ஏற்றும். மற்றொன்று மூச்சையே நிறுத்தும்.

இரண்டாம் பாடம்: வயிறு

"நம்ம ஜனங்க கிட்ட இதுதாண்ணே பெரிய பாடு" என்றாள் தங்கை.

ஆபரேஷனுக்கு முன் கெட்டியான உணவு ஆறு மணி நேரமும், தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரமும் கூடாது. ஏன்? விழித்திருக்கும்போது உணவு மூச்சுக் குழலுக்குள் போனால் புரைக்கேறி இருமித் தள்ளிவிடுகிறோம். மயங்கிய பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. வயிற்றிலுள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த கர்டிஸ் மெண்டல்சன் என்ற பிரசவ டாக்டர் 1946-ல் இதை விரிவாக எழுதினார். அதிலும் கர்ப்பிணிகளுக்கு அபாயம் அதிகம். கர்ப்பப்பை வயிற்றை அழுத்திக்கொண்டிருக்கிறது, செரிமானமும் மெதுவாகிறது.

ஆனால் நம் வீட்டு மாமியாருக்கு மனசு கேட்குமா? "வெறும் வயிற்றோடு எப்படித் தாங்குவாள்?" என்று டீயும் பன்னும் மறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் கேட்டால் பயந்துகொண்டு "ஒண்ணும் சாப்பிடலை" என்கிறார்கள். அதனால் நர்சு அதட்டிக் கேட்கக் கூடாதாம். பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில டீ குடிச்சா தலைவலி போயிடும் இல்லே? எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?" என்று கேட்க வேண்டுமாம். உண்மை தானே வரும். "தமிழ்ல கேட்டா தமிழ் ஆளுங்க ஒளிக்க மாட்டாங்க. அதுக்காகவே நிக்கோபாரி பாஷையிலும் நாலு வார்த்தை கத்துக்கிட்டேன்" என்றாள். மயக்க மருந்துப் பாடத்தில் மொழியும் சேர்த்தி!

மூன்றாம் பாடம்: முதுகும் மூச்சும்

இன்று சிசேரியன்களில் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தண்டுவடம் முடிந்த பிறகு உள்ள கீழ்ப்பகுதியில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே மிக மெல்லிய ஊசி. தாய் விழித்திருப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள்.

அந்த ஊசி சரியாக இறங்க வேண்டுமானால் முதுகு வில்லாக வளைய வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணி, வலி வேறு. அவள் எப்படி வளைவாள்? நர்சு எதிரே நின்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். "அம்மா மடியில படுக்கிற மாதிரி சாஞ்சுக்கோங்க" என்று சொல்வாளாம் என் தங்கை. ஊசி போடுவது டாக்டர். அந்தப் பெண் அசையாமல் இருப்பது நர்சின் தோளால்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கும். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், இன்னும் இறங்கும். ஆகவே வலது இடுப்புக்குக் கீழே ஒரு சிறு மெத்தை வைத்து உடலை இடப்பக்கம் 15 டிகிரி சாய்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும். யந்திரம் எண் காட்டுவதற்கு முன்பே தாய் ஒரு வார்த்தை சொல்வாள்: "குமட்டுது." பயத்தால் சொல்கிறாள் என்று விட்டுவிடக் கூடாது. அழுத்தம் விழுகிறது என்பதற்கு அது முதல் சிக்னல். உடனே நர்சு வாய்விட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கூவிய சிக்னல் போல.

முழு மயக்கம் கொடுத்தால் வேறு கவலை. தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் விழுந்து மூச்சு வழியை அடைத்துவிடும். அதற்கு யந்திரம் வேண்டாம். இரண்டு கை விரல்களால் தாடையை முன்னுக்குத் தூக்கினால் போதும், வழி திறந்துகொள்ளும். "இதை மட்டும் ஊரில் பத்துப் பேருக்குக் கத்துக்குடுத்தா எத்தனையோ பேர் பிழைப்பாங்க" என்பது தங்கையின் கட்சி. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே, கொரோனா நாட்களில் நாமெல்லாரும் வாங்கினோமே, அது ஜப்பானின் தகுவோ ஆயோகி 1974-ல் வகுத்த முறை. 95-க்கு மேல் இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆனால் நகப்பூச்சும் மருதாணியும் அந்த எண்ணைக் குழப்பக்கூடும். எண்ணைப் பார்க்கும் நர்சு உதட்டின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. மொத்தம் 19 கேள்விகள். மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என மூன்று தடவை வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், ஒவ்வாமை உண்டா, ரத்தம் தயாரா என்று எல்லாம் சாதாரணக் கேள்விகள். புதுடெல்லி உள்ளிட்ட எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-ல் வெளியிட்டார்கள். புது மருந்தும் இல்லை, புது யந்திரமும் இல்லை. "லைன் கிளியர்" கேட்டு வாங்காமல் எங்கள் ஸ்டேஷனில் வண்டி புறப்படாது. அதேதான்.

கடல் நடுவே ஓர் இரவு

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த சம்பவத்துக்கு வருகிறேன்.

அந்தமான் நிக்கோபார் வடக்கு தெற்காக ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். பெரிய ஆபரேஷன் என்றால் போர்ட் பிளேர் கோவிந்த் வல்லப பந்த் ஆஸ்பத்திரிக்குத்தான் பலரும் வர வேண்டும். கச்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்த இலங்கைத் தாயகம் திரும்பியோர், காம்பல் பேயில் 1969 முதல் குடியேறிய முன்னாள் ராணுவத்தினர் என்று தென்கோடித் தீவுகளிலும் நம் தமிழர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கடல் தாண்டித்தான்.

தங்கை வேலை பார்க்கும் தீவில் டாக்டர் உண்டு. மயக்க மருந்து நிபுணர் கிடையாது. சிக்கலான கர்ப்பிணிகளை நாள் நெருங்குவதற்கு முன்பே கப்பலில் அனுப்பிவிடுவார்கள். ஒரு மழைக்கால மாலை. கட்டட வேலைக்கு வந்த ஒரு தமிழ் இளைஞர் தன் மனைவியைக் கொண்டு வந்தார். முதல் பிரசவம் ஊரில் சிசேரியன். இது இரண்டாவது; எட்டு மாதம் முடிந்திருந்தது. அடுத்த வாரக் கப்பலுக்குச் சீட்டுப் போட்டிருந்தார்கள். வலி முந்திக்கொண்டது.

பழைய தையல் உள்ள கர்ப்பப்பை வலியில் கிழிந்துவிடக் கூடும். கிழிந்தால் தாயும் பிள்ளையும் சில நிமிடங்களில் ஆபத்தில். டாக்டர் போர்ட் பிளேருக்குப் போன் செய்தார். இருட்டு, கனத்த மழை. ஹெலிகாப்டர் விடிந்துதான் வரும், அதுவும் வானம் விட்டால்.

கணவர் தங்கையிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நீங்க பெரிய ஆஸ்பத்திரி தியேட்டர்ல இருந்தவங்களாமே. நீங்க மயக்கம் குடுங்க. டாக்டர் ஐயா ஆபரேஷன் பண்ணட்டும். என்ன வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அலமாரியில் கெட்டமின் என்ற மருந்து இருந்தது. 1970 முதல் உலகெங்கும் புழக்கத்தில் உள்ள மருந்து. போர்முனைகளிலும் நிபுணர் இல்லாத இடங்களிலும் பெயர் பெற்றது. எவ்வளவு எடைக்கு எவ்வளவு என்று தங்கைக்கு மனப்பாடம். நோட்டிலே எழுதியிருக்கிறாள்.

அவள் சொன்ன பதில் இது: "தம்பி, தூங்க வைக்க எனக்குத் தெரியும். தூங்கினவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தனியா நின்னு திருப்பிக் கொண்டு வந்து எனக்குப் பழக்கமில்லை. உங்க பொண்டாட்டி மேல நான் பழகக் கூடாது."

பிறகு அவள் சும்மா இருந்தாளா என்றால், அந்த இரவு முழுவதும் உட்காரவில்லை. டாக்டர் சொன்னபடி வலியைத் தணிக்கும் மருந்து. இரண்டு கையிலும் பெரிய ஊசி குத்தி சலைன். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தல். கால் மணிக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், பிள்ளையின் இதயத் துடிப்பு. வலி இல்லாத நேரத்திலும் தையல் இருந்த இடம் வலிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தல். "கடைசியா என்ன சாப்பிட்டீங்க?" என்று முதலில் கேட்டதற்கு "மத்தியானம் சோறு" என்றாள் அந்தப் பெண். சிறிது நேரம் கழித்துப் பேச்சோடு பேச்சாகக் கேட்டபோது, வரும் வழியில் ஆறரை மணிக்கு மாமியார் கஞ்சி கொடுத்தது வெளிவந்தது. எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரே தாளில் எழுதினாள். சிலிண்டரைத் திறந்து பார்த்து, பயண நேரத்தை வகுத்துப் பார்த்து, இன்னொன்றையும் சேர்த்து எடுத்து வைத்தாள்.

காலை ஆறு மணிக்கு மழை விட்டது. ஏழு மணிக்குமேல் ஹெலிகாப்டர் இறங்கியது. தங்கையும் கூடவே ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். மறு கேள்வி கேட்கவில்லை. "நேரே தியேட்டர்" என்றார். பழக்கப்பட்டவள் என்பதால் தங்கையை உள்ளே விட்டார்கள். முதுகு ஊசிக்கு அந்தப் பெண் சாய்ந்தது என் தங்கையின் தோளில். ஊசி போட்டு மூன்றாவது நிமிடம் "குமட்டுதுக்கா" என்றாள். "குமட்டுதாம் டாக்டர்!" என்று இவள் உரக்கச் சொல்ல, அழுத்தத்தை ஏற்றும் மருந்து அடுத்த நொடியே உள்ளே போனது. சற்று நேரத்தில் பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அழுதது.

"அப்புறம் வெளியில வந்து நானும் அழுதேண்ணே" என்றாள்.

தங்கை கேட்ட கேள்வி

நான் "நீ செய்தது சரி அம்மா" என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லா முடிஞ்சதாலே சரின்னு சொல்றே. ராத்திரியே தையல் விட்டிருந்தா? அந்தத் தம்பி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? மருந்து அலமாரியில இருந்துச்சு. மறுபக்கம் பாரு: நான் மருந்தைக் குடுத்து அவ மூச்சு நின்னிருந்தா? எது சரின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. ஆனா இந்தக் கேள்வியை ஒரு நர்சு ராத்திரி பத்து மணிக்குத் தனியா நின்னு கேட்டுக்கற மாதிரி விடக் கூடாது. அது மட்டும் தெரியும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், உலகம் இந்தக் கேள்விக்குச் சில பதில்கள் கண்டிருக்கிறது. நம் மத்திய அரசே, சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பிரசவ அவசரத்துக்கான மயக்க மருந்து கொடுக்க 18 வாரப் பயிற்சி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பக்கத்து நேபாளத்தில், மலைக் கிராம ஆஸ்பத்திரிகளுக்காக நர்சுகளையும் சுகாதார ஊழியர்களையும் தேர்ந்தெடுத்து மயக்க மருந்து உதவியாளர்களாகப் பயிற்றுகிறார்கள். நம் நாட்டு நர்சிங் கவுன்சிலிலும் ஆபரேஷன் தியேட்டர் நர்சிங்குக்கு ஓராண்டு டிப்ளமா இருக்கிறது. போர்ட் பிளேரில் 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது.

யார் வேண்டுமானாலும் மயக்கம் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. என் தங்கையும் சொல்லவில்லை. அசிஸ்டெண்ட் டிரைவர் பரீட்சை எழுதி, கூட ஓடி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் டிரைவர் ஆவார். சிக்னல் தெரிகிறது என்பதற்காக நடுவழியில் லீவரைப் பிடுங்க மாட்டார். ஆனால் அசிஸ்டெண்ட் இல்லாமல் வண்டியை விடவும் மாட்டார்கள். தொலைதூரத் தீவு ஒவ்வொன்றிலும் குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், முறையாகப் பயின்று சான்று பெற்ற ஒரு நர்சு என்று இருவர் சேர்ந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும். பயிற்றுவித்த நர்சை மறுமாதமே சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றாமல் இருப்பதும் முக்கியம். கற்ற கை பழக்கம் விட்டால் மறந்துபோகும்.

தீவு நர்சுகளின் நெஞ்சுரம் நாடறிந்ததுதான். லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றிய சாந்தி தெரசா லக்ரா, 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தபோது அவர்களை விட்டு ஓடாமல் காட்டிலேயே கூட இருந்து கவனித்துக்கொண்ட நர்சு. 2011-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நெஞ்சுரத்துக்குப் பஞ்சமில்லை. அதோடு பயிற்சியும் சேர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

நாம் செய்யக்கூடியது

வாசகர்களே, நாம் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு நாள் அந்தத் தியேட்டர் வாசலுக்குப் போக வேண்டி வரலாம். அப்போது நர்சு வந்து கேள்வி கேட்பார். எரிச்சல் படாதீர்கள். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆட்டும் பல், கழற்றும் பல்செட், ஆஸ்துமா, முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏற்பட்ட தொல்லை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினம் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பீடியும் குடியும் உண்டென்றால் அதையும் மறைக்காதீர்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் தனியே அழைத்தாவது சொல்லிவிடுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். அன்பினால்கூட ஒரு வாய் டீ கொடுக்காதீர்கள்.

நான் திரும்பும் நாளில் தங்கை துறைமுகத்துக்கு வந்தாள். மறுவாரம் அவளும் தெற்கே கப்பல் ஏற வேண்டும். அந்த நோட்டைக் கொடு, நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தேன். தரவில்லை. "இது டியூட்டியில வேணும்ணே. இன்னும் பாதிப் பக்கம் காலியா இருக்கு" என்றாள்.

கப்பல் நகர்ந்தது. எத்தனையோ வண்டிகளுக்கு லைன் கிளியர் கிடைப்பதைப் பார்த்தவன் நான். தெற்கே அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இன்றிரவும் யாராவது ஒருவர் தூங்குவார். அவர் பக்கத்தில் விழித்திருப்பவளின் நோட்டு நிறையட்டும்.